மரத்தை அகற்றக் கோரி இரண்டு மனுக்கள்

வின்னிபெக்கில் என் வீட்டு வாசலில் ஒரு எல்ம் மரம் நிற்கிறது. மரம் நகரத்துக்குச் சொந்தம், அதிலிருந்து விழும் இலைகள் எனக்குச் சொந்தம். நடைபாதைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே உள்ள புல்தரையை இங்கே புலவார்ட் என்கிறார்கள். அதில் நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் நகர அலுவலகத்தில் ஓர் எண் உண்டு. எந்த வருடம் நட்டது, என்ன பருமன், கடைசியாக எப்போது கிளை கழித்தார்கள் என்பதெல்லாம் கணினியில் இருக்கும். அதில் நான் ஆணி அடிக்கக் கூடாது. தீபாவளிக்கு விளக்குச் சரம் கட்டக் கூடாது. ஆனால் அக்டோபரில் அது உதிர்ப்பதை வாரிப் பையில் கட்டி வைக்க வேண்டியவன் நான்தான். ஞாயிறு காலைகளில் குளிரில் மூக்கு ஒழுக இலை வாரும்போது, ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்களே என்று நினைத்துக்கொள்வேன். திருப்பதியில் கேட்டுக்கு வெளியே நிற்கும் மரம் யாருடையது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் பால் பை மாட்ட ஆணி அடிப்பார், டியூஷன் நடத்துகிறவர் போர்டு கட்டுவார், போகிற எருமை நின்று முதுகைத் தேய்த்துக்கொள்ளும்.

எல்மோடு எனக்குப் பகை வந்தது போன வருடம் செப்டம்பரில். ஒரு காலை பேஸ்மெண்டுக்கு இறங்கினால் தரையெல்லாம் சாக்கடை. வடிகால் துவாரத்திலிருந்து தெருவின் கழிவு மேலே பொங்கி, என் மகளுடைய பழைய பொம்மைகளும் எங்கள் அரிசி மூட்டையும் அதில் நின்றன. பிளம்பர் குழாய்க்குள் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். மண்குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் முடிக்கற்றை போல வேர்கள் தொங்கின. அன்றே மரத்தை எடுத்துவிடும்படி நகரத்துக்கு மனுப் போட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு பெண் வந்தார். அர்பரிஸ்ட், அதாவது மர நிபுணர், என்று சட்டையில் எழுதியிருந்தது. மரத்தைச் சுற்றி அளவுநாடா போட்டார், சின்னச் சுத்தியலால் தட்டிக் காது வைத்துக் கேட்டார், பிறகு நிமிர்ந்து பார்த்து, “ஷீ இஸ் எ பியூட்டி” என்றார். என் மகள் அப்போது ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். நான் நன்றி சொல்லி, நாலாம் வகுப்புப் படிக்கிறாள் என்றேன். அந்தப் பெண் ஒரு நிமிடம் விழித்துவிட்டு மகளுக்குக் கையசைத்தார். நான் சாக்கடையைப் பற்றிச் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நவம்பரில் கடிதம் வந்தது. மரம் ஆரோக்கியமாக இருக்கிறது, ஆபத்து ஒன்றும் இல்லை, வேர்கள் உடைந்த குழாயில்தான் நுழையும், குழாயை மாற்றிக்கொள்ளவும், கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. ஆபத்து என்பதற்கு ஹசார்ட் என்ற சொல் அந்தக் கடிதத்தில் நாலு இடத்தில் இருந்தது. ஹசார்ட் என்று நிரூபித்தால்தான் மரத்தை எடுப்பார்கள் என்பது மட்டும் என் மனதில் நன்றாகப் பதிந்தது.

அதே வாரத்தில்தான் நைனா விழுந்தார்.

நைனா என்றால் என் அப்பா, சத்தியவேட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு இருபத்திரண்டு வயதில் திருப்பதிக்கு வந்து பஸ் டிரைவரானார். திருமலை மலைப்பாதையில் வருடக்கணக்காக ஓட்டினார். என் அம்மா இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தார். வின்னிபெக்குக்கு ஒரு தடவை கூட்டி வந்தேன். ஒரு குளிர்காலம் முழுவதும் ஜன்னலண்டை உட்கார்ந்து, பஸ்கள் பனியில் திரும்புவதைப் பார்த்து, டிரைவர்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார். நாலாம் மாதம், பேச ஆளில்லை என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார். அங்கே அவருக்குப் பேச ஒரு ஆள் இருந்தார். எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே ஒரு பெரிய புங்க மரம். தெருவில் எல்லாரும் தெலுங்கில் கானுக செட்டு என்பார்கள். நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது முனிசிபாலிட்டிக்காரர்கள் வரிசையாக நட்டதில் தப்பிப் பிழைத்தது அது ஒன்றுதான். அதன் நிழலில் முனிரத்தினம் இஸ்திரி வண்டி போட்டிருந்தார். புத்தூர்ப் பக்கத்துத் தமிழர், நைனாவைவிடப் பதினைந்து வயது சின்னவர். தெரு முழுக்கத் தெலுங்கு பேசுகிற அந்தக் காலனியில் அவர்கள் இரண்டு பேரும் தமிழில் பேசிக்கொள்வார்கள். காலை ஏழரைக்கு முனிரத்தினம் வண்டியைத் திறந்து கரியைப் பற்றவைத்ததும், ஆணியில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து கேட்டுக்குள் நீட்டுவார். நைனா அதைக் காய்ச்சி இரண்டு டம்ளர் டீயோடு நாற்காலியை இழுத்துக்கொண்டு வெளியே வருவார். வெயில் ஏறும்வரை பேச்சு நடக்கும். ஒரு முறை எட்டு மணியாகியும் நைனா வெளியே வரவில்லை என்று முனிரத்தினம் சுவரேறிக் குதித்திருக்கிறார். சர்க்கரை இறங்கி நைனா சமையலறையில் சரிந்து கிடந்தாராம். அவர் வாயில் வெல்லத்தைப் போட்டு எழுப்பியது முனிரத்தினம்தான். இதை நைனா எனக்கு ஒரு வேடிக்கை போலச் சொன்னார். நானும் வேடிக்கையாகத்தான் கேட்டேன்.

நவம்பரில் கேட்டைத் தாண்டும்போது நைனா விழுந்து மணிக்கட்டு முறிந்தது, நெற்றியில் எட்டுத் தையல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் முனிரத்தினம்தான். என்னோடு பள்ளியில் படித்த சுதாகர் போய்ப் பார்த்துவிட்டுப் படங்கள் அனுப்பினான். தலையில் கட்டோடு நைனா ஒரு படத்தில் இருந்தார். மற்றொன்றில் வாசல் படிக்கட்டு. புங்க மரத்தின் வேர் சிமெண்டுப் பலகையை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கியிருந்தது. அதன் மேல் ரத்தம் காய்ந்திருந்தது. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேஸ்மெண்டில் பிளம்பரின் திரையில் பார்த்த வேர்கள் எட்டாயிரம் மைல் நடந்துபோய் நைனாவின் காலைப் பிடித்துவிட்டது போல இருந்தது. போனில் கேட்டேன், அந்த வேரிலா தடுக்கினீர்கள் என்று.

“இன்னாத்த வேரு? செருப்பு வாரு அந்துகினு இருந்துச்சிடா. நாலு நாளா தைக்கணும் தைக்கணும்னு இருந்தேன்” என்றார்.

நான் நம்பவில்லை. வயதானவர்கள் எதையாவது மறைப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முனிரத்தினத்தின் நிழல் போய்விடுமே என்று சொல்கிறார் என்றும் தோன்றியது. தோன்றிய பிறகும் நான் நிற்கவில்லை. இதை இங்கே ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். ஒரு தேசத்தில் நியாயமான காரணத்தோடு கேட்டு எனக்கு மறுக்கப்பட்டிருந்தது. இன்னொரு தேசத்தில் அதைச் சாதித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு எனக்குள் இருந்தது. வீடு என் பேரில் இருந்தது. வீட்டுக்காரன் என்ற முறையில், வின்னிபெக் கடிதத்திலிருந்து கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில், மேற்படி மரம் முதியவரின் உயிருக்கு ஹசார்டாக இருக்கிறது, அகற்றித் தர வேண்டும் என்று எழுதிப் படங்களை இணைத்தேன். சுதாகர் அதைத் தெலுங்கில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஆள் வந்து பார்த்தார்கள். வேரும் ரத்தமும் பொய் இல்லையே. மேலே மின்கம்பிகளும் உரசிக்கொண்டிருந்தன. பத்து நாளில் உத்தரவு வந்து, ஒரே பகலில் மரம் தரையாகிவிட்டது. “பனி அயிபோயிந்தி ரா” என்று, வேலை முடிந்தது என்று, சுதாகர் வீடியோவோடு செய்தி அனுப்பினான். ரம்பம் இறங்குவதையும் கிளைகள் லாரியில் ஏறுவதையும் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தவனிடம் காட்டிப் பெருமைகூடப் பட்டேன். எங்கள் ஊரில் பத்தே நாள் என்று சொன்னேன்.

அந்த ஞாயிறு நைனாவோடு வீடியோ காலில் பேசும்போது கூடம் பளீரென்று இருந்தது. அந்த வீட்டின் கூடத்தில் பகலில்கூட விளக்குப் போடுவார்கள். இப்போது நைனாவின் முகத்தில் பாதி, வெயில் பட்டு வெளுத்துத் தெரிந்தது. எப்படி இருக்கிறது என்றேன். “நல்லா வெளிச்சமா இருக்குது” என்றார். நான் சந்தோஷப்பட்டேன்.

மார்கழி, தை இரண்டு மாதம் முனிரத்தினம் சமாளித்திருக்கிறார். காம்பவுண்டுச் சுவரிலிருந்து இரண்டு கம்புகளுக்கு நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டிப் பார்த்தார். காற்று இரண்டு தடவை பிடுங்கிப் போட்டது. வண்டியை உள்ளே விடச் சொல்லி நைனா கேட்டைத் திறந்துவைத்தாராம், வண்டி கேட்டைவிட ஒரு சாண் அகலம். சிவராத்திரி கழிந்து வெயில் ஏறியதும், கரிப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மொட்டைத் தெருவில் ஒரு மணி நேரம்கூட நிற்க முடியவில்லை. பைபாஸ் ஓரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துச் சுவர் நிழலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். “முனிரத்தினம் பைபாஸாண்ட போய்ட்டான்” என்று நைனா ஒரு ஞாயிறு சொன்னார். வாரத்துக்கு ஒரு தடவை துணி எடுக்க வருவாரில்லையா என்று கேட்டேன். “வருவான்” என்றார். நான் மணிக்கட்டுக்குச் செய்ய வேண்டிய பயிற்சிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு நைனாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில், பிறகு போனை வைத்துவிடுவார். சில நாள் எடுக்கவே மாட்டார். என் மேல் கோபம் என்று நினைத்தேன். தானாகத் தணியும் என்றும் நினைத்தேன். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் என் மனைவி சரளா மட்டும், வீட்டோடு யாரையாவது வைத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நான் அவரைக் கேட்காமலே பதில் சொன்னேன்.

ஏப்ரலில் இங்கே பனி உருகும்போது பேஸ்மெண்டில் மறுபடியும் சாக்கடை ஏறியது. நானும் சரளாவும் மூன்று நாள் வாளியும் துடைப்பமுமாகக் கிடந்தோம். அந்த மூன்று நாளில் நைனாவுக்கு நாலு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. வீம்பு என்று நினைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினேன். சுதாகரை ஒரு எட்டுப் போய்ப் பார்க்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவனும் எத்தனை முறைதான் வருவான் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பிக் காரில் உட்கார்ந்தபோது தெரியாத இந்திய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. முனிரத்தினத்தின் குரலைப் போனில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. தம்பி என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு அழுதார்.

நான் போய்ச் சேரும்வரை நைனாவை ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள். குளியலறை வாசலில் விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. டாக்டர் சின்ன வயதுக்காரர், தெலுங்கில் மெதுவாகத்தான் சொன்னார். விழுந்த உடனே உயிர் போகவில்லை, ஒரு முழுப் பகலாவது இருந்திருக்கும் என்றார். நான் தெலுங்கில் படித்தவன், எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனாலும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னார். அந்த ஒரு பகலில் நைனா எத்தனை முறை கூப்பிட்டிருப்பார், யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார் என்ற யோசனை இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. கூப்பிட்டிருந்தால் கேட்டுக்கு வெளியே நிற்கிற ஒருவருடைய காதில் அது விழுந்திருக்கும். கேட்டுக்கு வெளியே யாரும் இல்லாமல் செய்தது நான் போட்ட மனு.

காரியத்துக்கு முந்தின நாள் பைபாஸுக்கு முனிரத்தினத்தைத் தேடிப் போனேன். கல்யாண மண்டபத்துச் சுவரின் நிழல் இரண்டடி அகலம்தான் இருந்தது. அதற்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, மறுநாள் நான் கட்ட வேண்டிய வெள்ளை வேட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னை வண்டிக்குப் பின்னால் நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு, அவர் வெயிலுக்கு நகர்ந்துகொண்டார். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

“ரெண்டு சட்ட தேச்சது இருந்துச்சி, குடுக்கலாம்னு வந்தேன் தம்பி. கேட்டாண்ட மூணு பால் பாக்கெட்டு. ஒன்னு வெடிச்சி எறும்பு மொய்ச்சிகினு இருந்துச்சி. அதப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சி போச்சி.”

நீங்கள் பழைய இடத்திலேயே இருந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். அவர் இஸ்திரிப் பெட்டியைத் தாங்கியில் வைத்தார்.

“இருந்திருந்தா மொத நாளே கதவ ஒடச்சிருப்பேன்” என்றார்.

அவர் சமாதானமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றேன். இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை என்பது போல ஒரு வார்த்தை. அவர் வேட்டியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். கொஞ்ச நேரம் கழித்து, மரம் வெட்டின அன்றைக்குத் தான் கோபத்தில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டதாகச் சொன்னார். நைனா அதற்கு என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“தூரத்துல இருக்கறவனுக்கு பயம் ஜாஸ்தி, அவன ஒன்னும் சொல்லாதன்னாரு. உங்க நம்பர ஒரு சீட்டுல எழுதி எங்கிட்ட குடுத்துவெச்சாரு, எதுனா ஒன்னு ஆச்சின்னா அவனுக்கு அடின்னு. என் நம்பர் உங்களாண்ட இருந்துச்சா தம்பி?”

இல்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேட்டியை மடித்தார். குறையாகக் கேட்டது போல இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முப்பது வருடம் என் வீட்டு வாசலில் நின்ற மனிதர் அவர். மரத்தைப் பற்றி மனு எழுதியபோது தெருவின் அகலம், வேரின் உயரம், மின்கம்பியின் தூரம் எல்லாம் எழுதியிருந்தேன். அதன் கீழே ஒரு ஆள் நிற்கிறார் என்று ஒரு வரி எழுதவில்லை.

இறப்பைப் பதிவு செய்ய அவரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என் பேரை எழுதிக்கொண்டு முகவரி கேட்டார். வின்னிபெக் முகவரியை எழுத்தும் எண்ணும் கலந்த அஞ்சல் குறியீட்டோடு சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, “இக்கட எவருன்னாரு?” என்றார். இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். முனிரத்தினம் தன் ஆதார் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். இறந்தவருக்கு என்ன உறவு என்று அந்தப் பெண் கேட்டதற்கு, “பக்கனே உண்டானண்டி” என்றார், பக்கத்திலேயே இருக்கிறேன் என்று. அறிவித்தவர் என்ற இடத்தில் அவர் பேரை எழுதிக்கொண்டார்கள். அவர் கீழே தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். நாலாம் நாள் சான்றிதழ் கைக்கு வந்தது. தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த ஒரே தாள்.

வின்னிபெக்கில் வேலைக்குத் திரும்பிய அன்று, துக்க விடுப்புக்கு ஆதாரம் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். விடுப்பு பார்க்கும் பெண் நல்லவர். முதலில் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு வருத்தம் சொன்னார். பிறகு தாளை வாங்கி, ஆங்கில வரிகளில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். இறந்தவர் பேர் இருந்தது. அவருடைய தகப்பன் பேர், தாய் பேர், என் அம்மாவின் பேர் இருந்தன. இறந்தபோது இருந்த முகவரி இருந்தது. பிள்ளைகளுக்கென்று அதில் வரி கிடையாது. அவர் தாளைப் புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு மிகவும் தயங்கி, “வேர் ஆர் யூ ஆன் திஸ்?” என்று கேட்டார். இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

மேசைக்குக் குனிந்து தேடினேன். கடைசியில் முகவரி வரியில் இருந்த கதவு எண்ணின் மேல் விரலை வைத்து, இது என் வீடு என்றேன். அவர் தாளில் இருந்த திருப்பதி முகவரியைப் பார்த்தார். திரையில் என் பேருக்கு நேராக இருந்த வின்னிபெக் முகவரியைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். அவர் முடிவு சொல்லும்வரை நான் விரலை அந்த எண்ணின் மேலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.